பழைய குரோனோகிராஃப் மணிக்கூடுகள்: பாகம் மாற்றுதலும் ஒரிஜினல் பாகத்தை மீளப் பொருத்துதலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பு நகரில் மணிக்கூடு திருத்துவது என் தொழில். வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வரையிலிருந்து பழைய குரோனோகிராஃப் மணிக்கூடுகளைக் கொண்டுவருபவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஐ கிளாஸை (உருப்பெருக்கிக் கண்ணாடியை) கண்ணில் வைத்தபடி அரைகுறையாகச் சொல்லும் பதில் அவர்களுக்குப் போதாது என்று பலமுறை உணர்ந்ததால், அவற்றை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மத்திய கிழக்கில் உழைத்தவர்கள் வாங்கிவந்த சீக்கோக்களே என் மேசைக்கு அதிகம் வருகின்றன. அதற்கு முந்திய தலைமுறையினர் கட்டிய சுவிஸ் மணிக்கூடுகளும் இடையிடையே வருகின்றன.

குரோனோகிராஃப் சாதாரண மணிக்கூட்டிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது? அதைத் திருத்த ஏன் கூடுதலாகச் செலவாகிறது?

நேரம் காட்டுவதோடு, பாடசாலை விஞ்ஞானகூடத்தில் நாம் கண்ட நிறுத்தற்கடிகாரத்தின் வேலையையும் சேர்த்துச் செய்வதே குரோனோகிராஃப். பெரும்பாலானவற்றில் மேல் பொத்தானை அமுக்கினால் நடுவிலுள்ள நீண்ட விநாடி முள் ஓடத் தொடங்கும், மறுபடி அமுக்கினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அமுக்கினால் 12க்குத் திரும்பும். இந்த மூன்று செயல்களுக்காகவும் சாதாரண மெஷினின் மேல் நெம்புகோல்களும் சுத்தியல் வடிவப் பாகமும் தலைமயிர் போன்ற ஸ்பிரிங்குகளுமாக இன்னோர் அடுக்கே ஏறியிருக்கும். அந்த அடுக்கைக் கழற்றி, கழுவி, மறுபடி கோத்து, ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று சரியான ஆழத்தில் தொடுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் நேரம் செல்கிறது. கட்டணமும் அதற்குத்தான்.

கடைக்காரர் "ஒரிஜினல் பாகம்" என்று சொன்னால் அது எதைக் குறிக்கும்?

இந்தச் சொல் மூன்று வேறு பொருள்களில் புழங்குகிறது. பணம் கொடுப்பதற்கு முன் எந்தப் பொருளில் சொல்லப்படுகிறது என்று கேட்டறிய வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நாளில் அந்த மணிக்கூட்டிலேயே இருந்த பாகம் முதலாவது. அதே நிறுவனம் பிற்காலத்தில் திருத்த வேலைக்கென்று செய்து விற்ற பாகம் இரண்டாவது. இதுவும் உண்மையான பாகந்தான், ஆயினும் காலம் வேறு. எடுத்துக்காட்டாக, அறுபதுகளின் பிற்பகுதி ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றின் டயலில் அடியோரத்தில் "ஸ்விஸ் மேட்" என்பதன் இரு பக்கமும், இருளில் ஒளிரும் பூச்சில் சேர்த்த டிரிட்டியத்தைக் குறிக்கும் "டி" எழுத்து இருக்கும். பிற்காலத்தில் திருத்தத்துக்காக வந்த டயல்கள் பலவற்றில் அந்த எழுத்து இராது. அதே மணிக்கூட்டின் கண்ணாடியைச் சுற்றிய கறுப்பு வளையத்தில், ஏறத்தாழ 1970 வரை 90 என்ற எண்ணுக்கு நேர்மேலே புள்ளி இருந்தது. அதற்குப் பின்னர் வந்தவற்றில் புள்ளி எண்ணின் பக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு புள்ளி எங்கே நிற்கிறது என்பதற்காகச் சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள் என்பது வியப்பாகத் தோன்றலாம், ஆனால் அந்த வளையம் அந்த மணிக்கூட்டோடு பிறந்ததா என்பதற்கு அந்தப் புள்ளியே சாட்சி. வேறு எவரோ அச்சாகச் செய்து விற்கும் பாகம் மூன்றாவது. அதில் குற்றமொன்றும் இல்லை. அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

எந்தப் பாகங்களை மாற்றலாம்? எவற்றை மாற்றக்கூடாது?

தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள் உண்டு. மெயின் ஸ்பிரிங், இறப்பர் வளையங்கள், கீறல் விழுந்த கண்ணாடி, துருப்பிடித்த சாவித்தண்டு (சாவி கொடுக்கும் குமிழின் தண்டு), பட்டியைப் பிடிக்கும் ஸ்பிரிங் பார் ஆகியவை அவ்வாறானவை. இவற்றைத் தயக்கமின்றி மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஐம்பது ஆண்டுப் பழைய இறப்பர் வளையத்தை ஒரிஜினல் என்று சொல்லிப் பேணினால், அடுத்த மாரியில் டயலே போய்விடும்.

கண்ணுக்குத் தெரியும் பாகங்களான டயல், முட்கள், கேஸ், பொத்தான்கள், சாவி ஆகியவற்றை மாற்றுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஒரு மணிக்கூட்டை அந்த மணிக்கூடாக ஆக்குபவை இவை. டயலில் மஞ்சள் படிந்திருப்பதும் முள்ளின் நிறம் மங்கியிருப்பதும் பழுதல்ல, வயது. மெஷினுக்குள் இருக்கும் சக்கரங்களும் நெம்புகோல்களும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. தேய்ந்த சக்கரத்தை அதே மாதிரி மெஷினின் நல்ல சக்கரத்தால் மாற்றினால் மணிக்கூட்டின் பெறுமதி குறையாது. அதற்காகப் பொருந்தாத ஒன்றை அரத்தால் தேய்த்துப் பொருந்தச் செய்தால் குறையும்.

எதை மாற்றினாலும், கழற்றிய பாகம் உரிமையாளருக்குச் சொந்தம். அதைச் சிறு பொதியில் போட்டு, திகதியும் என்ன மாற்றப்பட்டது என்பதும் எழுதிய துண்டோடு கொடுக்காத திருத்துபவரிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு பழக்கம் எல்லோரிடமும் இருந்திருந்தால், இன்று நான் தேடி அலையும் பாகங்களில் பாதி இந்த மாவட்டத்து அலுமாரிகளிலேயே கிடைத்திருக்கும்.

என்னிடமுள்ள சீக்கோவின் டயல் ஒரிஜினலா என்று எப்படி அறிவது?

இங்கே அதிகம் வருவது சீக்கோ 6139. உலகின் முதல் தானியங்கிக் குரோனோகிராஃப்கள் சந்தைக்கு வந்த 1969ஆம் ஆண்டிலேயே வந்தது இது. மஞ்சள் டயல் கொண்ட மாதிரியை வில்லியம் போக் என்ற அமெரிக்க விண்வெளி வீரர் 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையப் பயணத்தில் அணிந்து சென்றார் என்ற செய்தி பரவியதிலிருந்து அதன் விலை ஏறிவிட்டது. விலை ஏறவே, புதிதாக அச்சிட்ட டயல்களும் ஏராளமாக வரத் தொடங்கின.

முதலில் பின்மூடியைப் பாருங்கள். அங்கே 6139 என்று தொடங்கும் மாதிரி எண்ணும் அதனோடு தொடர் எண்ணும் இருக்கும். தொடர் எண் ஆறு இலக்கமாயின் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது இலக்கம் மாதம். ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகியவற்றுக்கு இலக்கத்துக்குப் பதிலாக அவற்றின் ஆங்கில முதலெழுத்து வரும். 41 என்று தொடங்கினால் அது 1974 ஜனவரியில் செய்யப்பட்டது. இந்த மாதிரி எழுபதுகளின் இறுதி வரையே செய்யப்பட்டதால் பத்தாண்டு பற்றிய குழப்பம் பெரும்பாலும் இல்லை.

பின்னர் டயலைப் பாருங்கள். தொடக்க காலத்து டயல்களில் 70 மீற்றர் "வோட்டர் புரூஃப்" என்ற சொல் இருந்தது. பின்பு அது "ரெசிஸ்ட்" என்று மாறியது, அதன் பின் டயலிலிருந்து அந்த வரியே நீங்கியது. ஆகவே 1974ஆம் ஆண்டு கேஸில் "புரூஃப்" என்று எழுதிய டயல் இருந்தால் ஒன்று மற்றொன்றுக்குரியதல்ல. டயலின் அடியோரத்தில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு டயல் எண் இருக்க வேண்டும். அதன் கடைசி இலக்கங்கள் கேஸ் எண்ணிலிருந்து வேறுபடுவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த எண் அறவே இல்லாவிட்டாலோ, ஐ கிளாஸில் பார்க்கும்போது எழுத்தின் ஓரம் மை ஊறியது போல் கலங்கியிருந்தாலோதான் சந்தேகப்பட வேண்டும். தொழிற்சாலை அச்சில் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருக்கும்.

மீள அச்சிட்ட டயல் என்று தெரிந்தால் உடனே கழற்றி எறிய வேண்டியதில்லை. மணிக்கூடு ஓடட்டும். சரியான டயல் கிடைக்கும்போது மாற்றலாம்.

மேல் பொத்தானை அமுக்கினால் முள் ஓடுகிறது, ஆனால் மறுபடி அமுக்கினால் நிற்கவில்லை. பாகம் உடைந்துவிட்டதா?

அது லேண்டரான் 48 என்ற சுவிஸ் மெஷினாக இருந்தால் எதுவும் உடையவில்லை. 1937இல் வந்த அந்த மெஷினில் மேல் பொத்தான் ஓடவிட மட்டுமே உரியது. கீழ்ப் பொத்தானின் முதல் அமுக்கில் முள் நிற்கும், இரண்டாம் அமுக்கில் 12க்குத் திரும்பும். மெல்லிய தங்கக் கேஸில் "குரோனோகிராஃப் ஸ்விஸ்" என்று மட்டும் எழுதி விற்கப்பட்ட பல மணிக்கூடுகளில் இருப்பது இதுதான். இதை அறியாமல் மேல் பொத்தானைப் பலமாக அமுக்கி உண்மையிலேயே பழுதாக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நடு முள் மீளும்போது 12இல் நிற்காமல் இரண்டு மூன்று விநாடி தள்ளி நிற்கிறது. என்ன மாற்ற வேண்டும்?

பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

குரோனோகிராஃப் முள் திருகாணியால் பூட்டப்படுவதல்ல. முள்ளின் நடுவே உள்ள மெல்லிய குழாய், நூலளவு தண்டின் மேல் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. தண்டின் அடியில் இதய வடிவத்தில் ஒரு தகடு இருக்கிறது. கீழ்ப் பொத்தானை அமுக்கியதும் சுத்தியல் அந்த இதயத்தின் மேல் விழ, இதயம் எந்தக் கோணத்தில் நின்றாலும் வழுகித் தன் பள்ளத்துக்கே வந்து சேர்கிறது. அந்த வேகத்தில் முள் தண்டின் மேல் சற்று வழுக்கினால் 12ஐத் தவறவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முள் தளர்ந்திருக்கிறது. ஒரே அளவு தள்ளி ஒரே இடத்தில் நின்றால் முள்ளைக் கோணமாகப் பொருத்தியிருக்கிறார்கள். சுத்தியல் இதயத்தில் முழுமையாக அமரவில்லை என்பது மூன்றாவது காரணம். அது பழைய எண்ணெய் பசையாகி நெம்புகோலைப் பிடித்துக்கொள்வதால் வருவது. கழுவினால் போகும்.

தளர்ந்த முள்ளைச் சரிசெய்ய, அதன் குழாயை நுண்பிடியில் வைத்து மயிரிழையளவு ஒடுக்குவோம். பசை இட்டு ஒட்டுவது பெரும் பிழை. அடுத்தவர் கழற்றும்போது முள் வர, குழாய் தண்டிலேயே நின்றுவிடும். பசை இல்லாமலே சில வேளைகளில் குழாய் பிரிந்து வருவதுண்டு. அப்போதும் முள் போய்விட்டதாகக் கருதக்கூடாது. குழாயை எடுத்து மீண்டும் முள்ளில் அறைந்து பொருத்தலாம். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பதால், பல இடங்களில் "முள் உடைந்துவிட்டது, வேறு போட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பொத்தான்கள் அமுங்கவே இல்லை. புதியது போட வேண்டுமா?

நம் கரையோரத்து மணிக்கூடுகளுக்கு வரும் முதன்மையான நோய் இது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி என்று வாழும் நமக்கு உப்பும் ஈரமும் காற்றிலேயே உண்டு. வியர்வை அதனோடு சேர்கிறது. பொத்தானின் தலைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளியில் இவை படிந்து, வெண்மையும் பச்சையுமாகப் பொருக்குப் பிடித்துவிடும். குறட்டால் பிடித்துத் திருகினால் பொத்தானின் தலை நெளியும், அல்லது கேஸின் துளை அகலும். துளை அகன்றால் பிறகு எந்தப் பொத்தானும் அங்கே இறுக்கமாக அமராது.

மெஷினையும் டயலையும் முழுமையாகக் கழற்றிய பிறகு, கேஸை மட்டும் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். ஒரு நாளில் இளகாவிட்டால் மூன்று நாள் ஊறட்டும். பின்னர் சோப்பு நீரில் மீயொலிக் கழுவியில் இட்டால் அந்தப் பொருக்கு தூளாகக் கரைந்து வரும். இவ்வாறு இளகிய பொத்தான்களை, இறப்பர் வளையத்தையும் உள்ளே உள்ள சுருள் ஸ்பிரிங்கையும் மாத்திரம் புதிதாக இட்டு, அதே இடத்தில் மீளப் பொருத்தியிருக்கிறேன்.

தலை உண்மையிலேயே தேய்ந்து போயிருந்தால் மாற்றலாம். அப்போது வெளித்தோற்றம் மட்டும் பொருந்துவது போதாது, தண்டின் நீளமும் பொருந்த வேண்டும். தண்டு நீண்டால் உள்ளே நெம்புகோலை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். குறுகினால் அமுக்கு முழுமையடையாமல் முள் பாதியில் நிற்கும். மெஷின் பழுது என்று என்னிடம் வந்தவற்றுள் பொத்தானின் நீளமே காரணமாக இருந்தவை உண்டு.

வல்ஜூ 72 போன்ற சுவிஸ் மெஷின்களுக்கு வேறு நிறுவன மணிக்கூட்டின் பாகத்தைப் போடலாமா?

போடலாம். வல்ஜூ என்பது மெஷின் செய்த நிறுவனம். அதன் 72ஆம் இலக்க மெஷினைப் பல நிறுவனங்கள் வாங்கித் தம் பெயரில் விற்றன. ரோலெக்ஸ் டேடோனாவும் ஹோயர் கரேராவும் 1963இல் அந்த மெஷினை அடிப்படையாகக் கொண்டே வந்தன. ஆகவே பெயர் தெரியாத ஒரு சுவிஸ் மணிக்கூட்டிலிருந்து எடுத்த சக்கரமும் பெயர் பெற்ற ஒன்றில் சரியாக அமரக்கூடும். சுவிஸ் பாகங்களுக்குப் பொது எண் முறை ஒன்று உண்டு. அந்த முறையில் சாவித்தண்டு 401, நடு விநாடி முள்ளைத் தாங்கும் குரோனோகிராஃப் சக்கரம் 8000. ஆனால் எண் ஒன்றாக இருப்பதால் பாகம் ஒன்றாகிவிடாது. மெஷினின் இலக்கத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒமேகாவின் 321க்கும் 1968இல் அதன் இடத்துக்கு வந்த 861க்கும் மணிக்கூட்டின் பெயர் ஒன்றேயாயினும், குரோனோகிராஃபை இயக்கும் முறை வேறு. முதலாவதில் தூண் சக்கரம், இரண்டாவதில் தட்டைத் தகடு. ஒன்றின் இயக்கப் பாகம் மற்றதற்கு ஆகாது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளை ஆழமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது திருகாணிகள் பற்றியது. குரோனோகிராஃப் அடுக்கில் உள்ள திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நீளமும் தோளும் வேறு. ஓரிடத்துத் திருகாணியை இன்னோரிடத்தில் இட்டால், அது கீழேயுள்ள சக்கரத்தைப் போய் முட்டும் அல்லது நெம்புகோலை அசையவிடாமல் நெருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றியவுடன் அதன் திருகாணியை அதே துளையில் தற்காலிகமாக இட்டுவைப்பது என் வழக்கம்.

இரண்டாவது, மையம் விலகிய தலையுடைய சிறு திருகாணிகள். பார்வைக்கு எதையும் இறுக்காமல் சும்மா நிற்பவை போலத் தோன்றும். ஒரு சக்கரத்தின் பல் மற்றதற்குள் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்பதை அளந்து நிறுத்துபவை அவைதாம். இறுக்கிவிடலாம் என்று எண்ணிக் கால் சுற்றுத் திருப்பினாலே, ஓடவிடும்போது முள் துள்ளும் அல்லது மணிக்கூடு மூச்சடைத்து நின்றுவிடும். பாகம் தேய்ந்துவிட்டது என்று முடிவுசெய்வதற்கு முன் இந்தத் திருகாணிகளை முன்னர் எவரேனும் தொட்டிருக்கிறார்களா என்று அவற்றின் தலைக் கீறலைப் பார்த்து அறிய வேண்டும்.

இருளில் ஒளிரும் பூச்சு உதிர்ந்துவிட்டது. புதிதாகப் பூசலாமா?

மணிக்கூடு அறுபதுகளின் தொடக்கத்துக்கு முற்பட்டது என்றால், முதலில் அதைத் தொடாதீர்கள். அக்காலத்துப் பூச்சில் ரேடியம் சேர்ந்திருக்கும். ரேடியத்தின் அரை வாழ்வுக்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளி மங்கியதற்குக் காரணம் அதனோடு கலந்த பொசுபர்ப் பொருள் கெட்டுப்போனதே தவிர, கதிர்வீச்சு நிற்கவில்லை. மூடிய கேஸுக்குள் இருக்கும்போது இருப்பதை விட, சுரண்டித் தூளாக்கும்போதுதான் பேராபத்து. அந்தத் தூள் மூச்சோடு உள்ளே செல்லும். வீட்டு மேசையில் ஊசியால் சுரண்டிப் புதுப் பூச்சு இடும் காணொளிகளைப் பார்த்து எவரும் முயல வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். பின்னர் வந்த டிரிட்டியத்தின் அரை வாழ்வு 12 ஆண்டும் சில மாதங்களும் என்பதால், எழுபதுகளின் மணிக்கூடுகளில் அது பெரும்பகுதி அடங்கிவிட்டது.

ஆபத்தை விட்டுப் பார்த்தாலும், பழைய பூச்சின் தேன் நிறமே டயலும் முட்களும் ஒரே காலத்தவை என்பதற்கு அடையாளம். முள்ளுக்கு மட்டும் புதுப் பூச்சு இட்டால் அந்தப் பொருத்தம் கலைந்துவிடும்.

கேஸை மினுக்கித் தருவீர்களா?

பெரும்பாலும் மறுத்துவிடுகிறேன். காரணத்தையும் சொல்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு சீக்கோவை உரிமையாளர் கேட்காமலே மினுக்கினேன். புதிது போல் கொடுத்தால் மகிழ்வார் என்று எண்ணினேன். அந்தக் கேஸின் மேற்பரப்பில் தொழிற்சாலை இட்ட மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடின. பக்கவாட்டு மட்டும் கண்ணாடி போல் மினுங்கியது. இரண்டும் சந்திக்கும் விளிம்பு கூர்மையாக இருந்தது. சுழலும் துணிச்சக்கரத்தில் சில நிமிடம் பிடித்ததில் கோடுகள் மறைந்தன, விளிம்பு சவர்க்காரக் கட்டி போல உருண்டது, பின்மூடியின் தொடர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் விரலால் தடவினாலும் தட்டுப்படாத அளவுக்குத் தேய்ந்தன. அவர் நன்றி சொல்லி வாங்கிச் சென்றார். அதன் ஆண்டை அந்த எண்ணிலிருந்து இனி எவரும் வாசிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். உலோகத்தை எடுத்தால் திரும்ப வைக்க வழியில்லை. கேஸை மென்சோப்பு நீரும் மென்தூரிகையும் கொண்டு கழுவினாலே போதிய அழகு வரும்.

கண்ணாடியை மாற்றினால் பெறுமதி குறையுமா?

குறையாது. பிளாஸ்டிக் கண்ணாடியில் உள்ள மெல்லிய கீறல்கள் மினுக்கும் பசையால் துணிகொண்டு தேய்த்தாலே போய்விடும் என்பதால், மாற்றுவதற்கு முன் அதை முயலலாம். ஸ்பீட்மாஸ்டரின் பழைய பிளாஸ்டிக் கண்ணாடியில் மட்டும் ஒரு விடயம் உண்டு: அதன் நடுவில் ஊசிமுனையளவு ஒமேகா சின்னம் பொறித்திருக்கும். அது தெரிந்தால் கழற்றிய கண்ணாடியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல் நீர் அல்லது வெள்ளநீர் புகுந்த மணிக்கூட்டைக் காப்பாற்ற முடியுமா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இந்தக் கேள்வியோடு வந்தவர்களின் முகங்களை நான் மறக்கவில்லை. மணலோடு எடுத்துக் கடதாசியில் சுற்றி, மாதக்கணக்கில் அலுமாரியில் வைத்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் மணிக்கூட்டை எவர் நினைப்பார்! ஆனால் உப்பு நீர் உருக்குப் பாகங்களைத் தின்பதற்கு ஒரு வாரமே மிக அதிகம்.

இன்று அவ்வாறு நேர்ந்தால் அதே நாளில் திறக்க வேண்டும். சாவியை இழுத்தோ பொத்தானை அமுக்கியோ பார்க்கக்கூடாது, மண் உள்ளே நகரும். அரிசிக்குள் புதைப்பதால் ஈரம் ஓரளவு போகலாம், உப்பு போகாது. திருத்துபவர் டயலையும் முட்களையும் தனியே கழற்றியபின், மெஷினை வடித்த நீரில் பலமுறை அலசி உப்பை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகு நீரைப் போக்க மதுசாரத்தில் இடுவார்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பழைய மெஷின்களில் பேலன்ஸ் சக்கரத்தை உந்தும் சிறு கல்லும் அதற்குத் தள்ளு கொடுக்கும் நங்கூரத்தின் இரண்டு கற்களும் அரக்கினால் ஒட்டப்பட்டவை. அரக்கு மதுசாரத்தில் கரையும். அந்த இரண்டு பாகங்களையும் மதுசாரத்தில் ஊறவிட்டால் கற்கள் கழன்றுவிடும், நீரில் தப்பிய மெஷின் கழுவியதில் போய்விடும்.

துருப்பிடித்த ஸ்பிரிங்குகளும் திருகாணிகளும் மாற்ற வேண்டியவை. பித்தளைப் பாகங்கள் பெரும்பாலும் தப்பும். டயல் தப்புவது அரிது. ஆயினும் கறை படிந்த டயலோடே வைத்துக்கொள்ளலாம். கல்லடியில் ஒரு குடும்பம் அப்படித்தான் வைத்திருக்கிறது. புது டயல் வேண்டாம் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சேர்விஸ் செய்ய வேண்டும்?

தினமும் கட்டுவதாயின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அலுமாரியில் கிடந்ததாயின், கட்டுவதற்கு முன். உலர்ந்த எண்ணெயோடு ஓடும் மெஷினே பாகங்களைத் தின்கிறது. கூடுதலாக எண்ணெய் விடுவதும் அதே அளவு தீது. பற்சக்கரங்களின் பற்களுக்கு ஒருபோதும் எண்ணெய் இடக்கூடாது. பற்களில் எண்ணெய் மின்னுவதைக் கண்டால் முன்னர் திருத்தியவருக்குக் குரோனோகிராஃப் பழக்கமில்லை என்று கொள்ளலாம்.

பாகங்களை எங்கே தேடுவது?

முதலில் உங்கள் வீட்டிலும் முன்னர் திருத்திய கடையிலும். அதன்பின் கொழும்பு புறக்கோட்டையில் பழைய இருப்பு வைத்திருப்பவர்களிடம். இணையத்தில் வாங்குவதாயின், தனிப் பாகத்தை வாங்குவதை விட அதே மாதிரியில் ஓடாத மணிக்கூடு ஒன்றை முழுமையாக வாங்குவது பல வேளைகளில் மலிவு. ஒரு சக்கரத்துக்காக வாங்கியதில் திருகாணிகளும் ஸ்பிரிங்குகளும் மீதமாகக் கிடைக்கும். ஆனால் டயலும் கேஸும் நன்றாக இருக்கும் ஒரு மணிக்கூட்டை ஒரு பாகத்துக்காகக் குலைக்கக்கூடாது. அதுவும் ஒருவர் வீட்டிலிருந்து வந்ததுதான். "புதிது போல் உள்ளது, அண்மையில் சேர்விஸ் செய்தது" என்று மிக மலிவாக விற்கப்படுபவை பெரும்பாலும் பல மணிக்கூடுகளின் பாகங்களைக் கூட்டி, டயலை மீள அச்சிட்டுச் செய்தவை. அவற்றைப் பாகத்துக்காகக்கூட வாங்க வேண்டாம்.

முன்னர் கழற்றிய ஒரிஜினல் பாகம் கையில் இருக்கிறது. பல ஆண்டுக்குப் பின் அதை மீளப் பொருத்த முடியுமா?

முடியும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த வேலையும் அதுவே.

அண்மையில் அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியை தம் வாப்பாவின் சீக்கோ 6139ஐக் கொண்டுவந்தார். நடு விநாடி முள் வேறொன்றின் முள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதன் நுனி நிமிடக் கோடுகளை எட்டாமல் குறுகி நின்றது. "வாப்பா இதையும் வைத்திருந்தார், என்னவென்று எங்களுக்குத் தெரியாது" என்று கூறி, பழைய பிலிம் டப்பா ஒன்றை நீட்டினார். உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரிஜினல் முள் இருந்தது. அடிப்பக்கத்து நிறம் சற்று உதிர்ந்து, நுனி மெல்ல வளைந்திருந்தது, குழாயும் தளர்ந்திருந்தது.

மாற்று முள்ளின் துளையை எவரோ ஊசியால் அகட்டியிருந்ததால் தண்டில் கீறல் விழுந்திருக்குமோ என்றுதான் முதலில் பயந்தேன். முள்ளைத் தூக்கியபின் ஐ கிளாஸில் பார்த்ததில் தண்டு நன்றாகவே இருந்தது. ஒரிஜினல் முள்ளின் நுனியை மரக்குச்சியின் மேல் வைத்து நிமிர்த்தினேன். உதிர்ந்த நிறத்துக்கு மேல் எதுவும் பூசவில்லை. குழாயை ஒடுக்கினேன், முதல் முறை போதவில்லை, இரண்டாம் முறை இன்னும் சிறிது. சுத்தியல் இதயத்தகட்டின் மேல் அமர்ந்து தண்டு அசையாமல் நிற்கும் நிலையில் முள்ளை 12க்கு நேரே வைத்து, மட்டமாக அழுத்தி இறக்கினேன். பின்னர் ஓடவிட்டு, நிறுத்தி, மீட்டுப் பார்த்தேன். பத்துத் தடவையும் 12இன் கோட்டின் மேலேயே வந்து நின்றது. மாற்று முள்ளை அதே பிலிம் டப்பாவில் போட்டு, அது என்ன, எப்போது கழற்றியது என்று எழுதிய துண்டையும் வைத்து மூடி, அவரிடமே கொடுத்தேன்.